ஸ்டீயரிங் கனத்தால் என்ன செய்வது?

 

நம் பக்கத்தில் பலருக்குக் கார்தான் பிழைப்பு. சிலர் வாடகைக் கார் ஓட்டுகிறார்கள். சிலர் பட்டறையில் வேலை செய்கிறார்கள். பாறசாலையிலிருந்து ஒரு பக்கம் அமரவிளை, நெய்யாற்றின்கரை. மறுபக்கம் களியக்காவிளை, மார்த்தாண்டம். கார் ஓடினால்தான் வருமானம். அது பட்டறையில் நின்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

அதனால் இன்று பவர் ஸ்டீயரிங் பற்றிப் பேசுவோம். நான் மெக்கானிக் இல்லை. என் மாமா பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டதையும், கூட நின்று பார்த்ததையும் சொல்கிறேன்.

பவர் ஸ்டீயரிங் என்றால் என்ன?

பழைய அம்பாசிடர் ஓட்டியவர்களைக் கேளுங்கள். நின்ற இடத்தில் திருப்பினால் தோள் வலிக்கும் என்பார்கள்.

கிணற்றில் தண்ணீர் இறைக்கிறோம். பின்னால் ஒருவர் நின்று கயிற்றைச் சேர்த்து இழுக்கிறார். வாளி லேசாக மேலே வருகிறது. அந்தத் துணை ஆள்தான் பவர் ஸ்டீயரிங்.

எஞ்சின் ஓடும்போது ஒரு பெல்ட் பம்பைச் சுற்றுகிறது. பம்பு ஆயிலை அழுத்தித் தள்ளுகிறது. ஆயில் ஹோஸ் வழியாக ஸ்டீயரிங் பெட்டிக்குப் போகிறது. சக்கரத்தைத் திருப்ப உதவுகிறது. பிறகு ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வருகிறது.

1926இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் இதைக் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1951இல் கிரைஸ்லர் கம்பெனி இதை விற்பனைக் காரில் கொண்டு வந்தது. இப்போது பல புதிய கார்களில் ஆயில் கிடையாது. மின் மோட்டார்தான் உதவுகிறது. அதில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்தால் முதலில் பேட்டரி, ஃப்யூஸ், வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

முதலில் எதைப் பார்ப்பது?

ஸ்டீயரிங் கனத்தால் உடனே "பம்பு போச்சு" என்று சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். சின்னக் காரணங்களை முதலில் பாருங்கள்.

முன் டயரில் காற்று குறைந்தாலும் ஸ்டீயரிங் கனக்கும். இதைப் பார்க்கப் பெரிய செலவு இல்லை.

அடுத்து ஆயில் டப்பா. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். நுரை இருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. கறுத்துக் கருகிய வாடை அடித்தால் ஆயில் கெட்டுவிட்டது.

திருப்பும்போது கீச்சென்று சத்தம் வருகிறதா? பெல்ட் தளர்ந்திருக்கலாம். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எண்ணெய்த் துளி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கசிவு இருக்கும் பக்கம் தெரிந்துவிடும்.

மாற்றும்போது கவனம்

ஆயில் குறைந்தால் கையில் கிடைத்ததை ஊற்றக் கூடாது. கார்ப் புத்தகத்தில் எந்த ஆயில் என்று இருக்கும். அந்தப் பெயரும் பாட்டிலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பிரேக் ஆயிலை இதில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். பிறகு பம்பும் பெட்டியும் சேர்ந்து பழுதாகும். ஒரு பாட்டில் மாறியதால் பல ஆயிரம் ரூபாய் போய்விடும்.

ஹோஸ் வெடித்திருந்தால் சாதாரண ரப்பர் குழாயைப் போடக் கூடாது. அது அழுத்தத்தைத் தாங்காது. சூடான சைலன்சர் குழாய் மேல் ஆயில் தெறித்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

பம்பு கசிந்தால் பல நேரம் ஆயில் சீல் மாற்றினால் போதும். உள்ளே இருக்கும் தண்டு தேய்ந்திருந்தால் பம்பையே மாற்ற வேண்டும்.

பம்போ ஹோஸோ மாற்றிய பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். முன் சக்கரங்களைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து நிறுத்துவார்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. ஆயில் ஊற்றி, இரண்டு பக்கமும் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்புவார்கள். முதலில் எஞ்சின் ஓடாமல், பிறகு ஓடவிட்டு. நுரை நிற்கும் வரை இதைச் செய்வார்கள். டை ராடு மாற்றினால் வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து

பெட்ரோல் மிச்சம் பிடிக்கச் சிலர் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிடுகிறார்கள். அப்போது துணை ஆள் கயிற்றை விட்டுவிடுகிறார். ஸ்டீயரிங் கனக்கும். பிரேக்கும் கனக்கும். சாவியை முழுவதும் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். இதைச் செய்யவே கூடாது.

ஓடும்போது ஸ்டீயரிங் திடீரென்று கனத்தால் பதற வேண்டாம். கயிறு அறுந்துவிடவில்லை. இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தால் திரும்பும். வேகத்தைக் குறையுங்கள். இடது ஓரம் நிறுத்துங்கள்.

பில்லைப் படியுங்கள்

நம் ஊரில் பில் மலையாளத்தில் வரும். மார்த்தாண்டத்தில் தமிழில் வரும். ஆங்கிலத்திலும் வரும். எதுவானாலும் படித்துப் பார்த்துப் பணம் கொடுங்கள். "சீல் மாற்றியது" என்பது வேறு. "பம்பு மாற்றியது" என்பது வேறு. கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. அது நம் உழைப்பில் வந்த பணம்.

சேர்ந்து பேசுவோம்

1. ஸ்டீயரிங் கனத்தால் செலவில்லாமல் எவற்றைப் பார்க்கலாம்?
2. பிரேக் ஆயிலை ஏன் ஊற்றக் கூடாது?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பில்லை எடுத்து வாருங்கள். சேர்ந்து படிப்போம்.