தேரி மணலும் இமயப் பனியும்

உடன்குடிப் பக்கம் குதிரைமொழித் தேரியில் மழைக்கு மறுநாள் நடந்து பாருங்கள். சிவப்பு மணலில் தண்ணீர் தேங்கி நிற்காது. கையால் தோண்டினால், ஈரம் ஒரே சீராக இறங்கியிருக்காது. ஓரிடத்தில் விரல் விரலாக ஆழம் போயிருக்கும், பக்கத்திலேயே மணல் காய்ந்து கிடக்கும்.

இமயமலைப் பனியிலும் உருகிய நீர் இப்படித்தான் பரல்களுக்கு நடுவே கசிந்து இறங்குகிறது. மணலில் நீர் ஓடும் கணக்கை 1856-இல் பிரான்சில் ஆன்றி டார்சி எழுதினார். அதைப் பனிக்குப் பொருத்திய முன்னோடி, 1970-களில் அமெரிக்காவின் சாமுவேல் கோல்பெக்.

தேரியில் இல்லாத ஒரு சிக்கல் பனியில் உண்டு. இறங்கும் நீர், குளிர்ந்த அடுக்கைத் தொட்டதும் திரும்ப உறைந்துவிடும். உறையும்போது வெப்பத்தை விடும். 1 கிராம் நீர் உறைந்தால் சுமார் 160 கிராம் பனி 1 டிகிரி சூடேறும், எத்தனை அதிசயம்! இப்படி அடுக்கடுக்காகச் சூடேறிய பிறகுதான் பெருவாரியான தண்ணீர் அடியைத் தொடும். விரலாக இறங்கும் நீரோ அதற்கு முன்னாலேயே போய்விடும். கணக்கு இடறுவது அங்கேதான்.

அந்தத் தாமதம் பிடிபட்டால்தான் இமயப் பனிநீர் சேரும் சட்லஜ் ஆற்றில் பக்ரா அணைக்குக் கோடையில் எப்போது, எவ்வளவு நீர் வரும் என்று சொல்லலாம். பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் வயல்கள் அதை எதிர்பார்த்துத்தான் இருக்கின்றன.