படத்திற்காகப் பறந்த பழைய விமானங்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

விமானத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று நம் இளைஞர்கள் கேட்டுக்கொண்டனர். திரைப்படத்தைப் பற்றிப் பேசினால் நலமென்று தாய்மார்கள் கருதினர். இரு சாராரும் மனம் நிறையும்படி, ஒரு படத்திற்காகப் பறந்த மூன்று பழைய விமானங்களின் கதையைச் சொல்ல விழைகிறேன்.

நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் இடையே நடுவில் இறங்காமல் பறப்பவர்க்கு 25,000 டாலர் பரிசு என்று ரேமண்ட் ஆர்டைக் என்னும் ஓட்டல் முதலாளி 1919-இல் அறிவித்தார். அம்முயற்சியில் வல்லவர் சிலர் மாண்டனர். 1927 மே 8-ஆம் நாள் பாரிசிலிருந்து புறப்பட்ட நஞ்செசர், கோலி என்னும் பிரெஞ்சு வீரர் இருவரும் திரும்பவே இல்லை. அடுத்த பன்னிரண்டாம் நாள், 25 வயது இளைஞரான சார்லஸ் லிண்ட்பெர்க், ஒற்றை இயந்திர விமானத்தில் தன்னந்தனியே கிளம்பினார். 33½ மணி நேரத்தில் ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் கடந்து, மே 21 இரவு பாரிசில் இறங்கினார்.

அந்த விமானத்தின் பெயர் 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்'. செயின்ட் லூயிஸ் நகர வணிகர்கள் பொருளுதவி செய்தமையால் அப்பெயர் பெற்றது. சான் டியேகோவில் ரயன் நிறுவனத்தார் இரண்டே மாதங்களில் அதைக் கட்டி முடித்தனர். விமானிக்கு நேர் முன்னே பெரிய பெட்ரோல் தொட்டி. ஆகவே முன்புறம் கண்ணாடியே இல்லை! விபத்து நேர்ந்தால் இயந்திரத்துக்கும் தொட்டிக்கும் இடையே தாம் நசுங்கலாகாது என்று கருதி, லிண்ட்பெர்க்கே அப்படி அமைக்கச் சொன்னார். பக்கச் சன்னல் வழியாகவும், சிறு பெரிஸ்கோப் வழியாகவுமே அவர் வெளியைக் கண்டார். பாரம் குறையட்டுமென்று வானொலியையும் பாராசூட்டையும் விடுத்தார்.

இந்த வீரச் செயலை 1957-இல் பில்லி வைல்டர் திரைப்படமாக வெளியிட்டார். லிண்ட்பெர்க் எழுதிப் புலிட்சர் பரிசு பெற்ற நூலே அதற்கு மூலம். ஆனால் விமானத்திற்கு எங்கே போவது? மெய்யான விமானம் 1928-லேயே வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்துவிட்டது. அதைக் கீழே இறக்கிப் பறக்கவிடுவாருண்டோ?

ஆகவே அதே ரயன் நிறுவனத்தார் அக்காலத்தில் செய்த 'புரோஹம்' என்னும் பயணியர் விமானங்கள் மூன்றைத் தேடிக் கண்டனர். அவை மூல விமானத்தின் உடன்பிறப்புகள் போன்றவை. அவற்றின் தோற்றத்தை மாற்றி, பெயரெழுதி, மீண்டும் வானில் ஏற்றினர்.

லிண்ட்பெர்க்காக நடித்தவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அவருக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. இளைஞரின் வேடம் அவருக்குப் பொருந்துமா என்று பலர் ஐயுற்றனர். படமும் பெரும் நட்டத்தையே தந்தது. ஆயினும் அவர் வெறும் நடிகரல்லர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மீது குண்டு வீசும் விமானங்களை ஓட்டிய மெய்யான விமானி. லிண்ட்பெர்க்கோ 1938-இல் ஜெர்மனியில் கோரிங்கின் கையால் நாஜி அரசின் பதக்கம் பெற்றவர். அமெரிக்கா போரில் இறங்கலாகாதென்று மேடைதோறும் முழங்கியவர். படம் 1927-உடன் நின்றுவிடுவதால் இவற்றைக் காட்டவில்லை. துணிவைப் போற்றுவோம், ஆனால் ஒரு துறையில் துணிந்தவர் எல்லாவற்றிலும் நேர்வழி கண்டவர் என்று மயங்குதல் தகாது. இதனை நம் சிறுவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும்.

படம் முடிந்தபின் அம்மூன்று விமானங்களும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. ஒன்று செயின்ட் லூயிஸ் நகரின் வரலாற்று அருங்காட்சியகத்தாரை அடைந்தது. மற்றொன்று ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றாவது நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் உள்ள விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லிண்ட்பெர்க் புறப்பட்ட ரூஸ்வெல்ட் திடல் அதற்கு அண்மையிலேதான். அத்திடல் இன்று கடைகள் நிறைந்த அங்காடி வளாகம். இடம் உருமாறிவிட்டது, நினைவை நகல் காத்து நிற்கிறது.

அன்பர்களே! மூலம் மாடத்தில் தொங்கியது. உடன்பிறப்புகளே பறந்து காட்டின. பிறந்த ஊரை விட்டு இக்காலனியில் வாழும் நாம், இங்கே இடும் கோலத்தையும் வைக்கும் பொங்கலையும் "ஊரில் போல் ஆகுமா?" என்று சில வேளை குறைத்துப் பேசுகிறோம். ஊரில் போல் ஆகாதுதான். ஆனால் நம் குழந்தைகள் கண்ணால் காண்பது இதனைத்தானே! அக்கறையோடு செய்தால் இதுவும் பறக்கும். அவர்களையும் ஏற்றிச் செல்லும்.

 வாழ்க தமிழ்!