ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்



வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் சாலையும் பழனியிலிருந்து வரும் சாலையும் சேரும் இடம் பெருமாள்மலை. கொடைக்கானலுக்குப் போகும் பயணிகள் இந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். இந்த மலைக்கு ஆங்கிலம் புதிதில்லை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-லேயே கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டிக் குடியேறினார்கள். மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. இவ்வளவு காலமாக ஆங்கிலம் இங்கே புழங்கியும், அது சில மதில்களுக்குள்ளேயும் சில விடுதிகளுக்குள்ளேயும்தான் பெரும்பாலும் தங்கிவிட்டது. பட்டாணிக்காட்டிலும் பூண்டுக்காட்டிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படிக்கிறார்கள்; பத்தாம் வகுப்பில் தேர்ச்சியும் பெறுகிறார்கள். ஆனால் வழி கேட்கும் வெளிநாட்டுப் பயணிக்கு நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பதில் சொல்ல அவர்களில் பலருக்கு வாய் எழுவதில்லை. தமிழ்நாடு முழுக்க இதே நிலைதான். இந்தக் குறையை இணையக் கருவிகளும் செயலிகளும் தீர்க்குமா, தீர்க்குமென்றால் எந்த வகையில் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் குறை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பிள்ளைகளின் அறிவிலும் குறையில்லை, ஆசிரியர்களின் அக்கறையிலும் குறையில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு பாடவேளை ஏறக்குறைய 45 நிமிடம். வகுப்பில் 40 பிள்ளைகள். ஆசிரியர் தான் ஒரு வார்த்தையும் பேசாமல், முழு நேரத்தையும் பிள்ளைகள் பேசுவதற்கே கொடுத்தாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். நடைமுறையில் அந்த ஒரு நிமிடமும் கிடைப்பதில்லை. பாடத்தை விளக்க வேண்டும், கேள்வி பதில் எழுதிப்போட வேண்டும், நோட்டுத் திருத்த வேண்டும். சிறிய மலைக்கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் அங்கே ஓர் ஆசிரியரோ இருவரோ ஐந்து வகுப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் கணக்கு மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கிறது. போதாக்குறைக்கு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கான 100 மதிப்பெண்ணும் எழுதியே வாங்குவது. காதுக்கும் வாய்க்கும் அங்கே மதிப்பெண் இல்லை. பேசிப் பழக வேண்டிய ஒரு மொழியைப் பேசவே முறை வராமல் பத்தாண்டு படிக்கிறார்கள் நம் பிள்ளைகள்.

ஆகவே எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் அதனிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதனால் ஒரு பிள்ளை வாய்திறந்து பேசும் நேரம் கூடுகிறதா என்பதுதான். படம் பளிச்சென்று தெரிகிறதா, பாடல் இனிமையாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நாம் பெருமையாகப் பேசும் பல ஏற்பாடுகள் அரைக்கிணறுதான் தாண்டுகின்றன. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, அடுத்த ஆண்டு கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது. பாடநூல்களில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டைச் செல்போனில் காட்டினால் திக்‌ஷா தளத்தில் பாடக்காட்சி ஓடுகிறது. இரண்டும் நல்லவை. இரண்டிலும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கரும்பலகை இருந்த இடத்தில் ஸ்மார்ட் போர்டு மாட்டினாலும், பேசுவது ஒருவர், கேட்பது நாற்பது பேர் என்ற அமைப்பு மாறாவிட்டால் ஆங்கிலப் பேச்சுக்கு லாபம் கொஞ்சம்தான்.

வானொலியையும் இதில் விட்டுவிட முடியாது. இந்திய வானொலியில் பள்ளி ஒலிபரப்புக்கு 1930-களிலிருந்து வரலாறு உண்டு. பிபிசி 1943 முதல் வானொலி வழியே ஆங்கிலம் கற்பித்தது. ஆனால் கென்யாவில் 1980-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு முயற்சி வேறு மாதிரியானது. தொடக்க வகுப்புகளுக்கான அந்த ஆங்கிலப் பாடங்களில், வானொலிக் குரல் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சில நொடிகள் மௌனமாகிவிடும். அந்த இடைவெளியில் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாகப் பதில் சொல்வார்கள். பிறகு வானொலி சரியான பதிலைச் சொல்லும். அரை மணிப் பாடத்துக்குள் பிள்ளைகள் வாய்திறக்கும் தருணங்கள் ஏராளம். அப்படிப் படித்த பிள்ளைகள், வழக்கமான வகுப்பில் படித்தவர்களைவிடக் கேட்டுப் புரிவதிலும் வாசிப்பதிலும் முந்தினார்கள் என்று மதிப்பீடு காட்டியது. எழுத்துக்கூட வராத ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு செய்த வேலை இது. கருவி பழசா புதுசா என்பதில் ஒன்றுமில்லை. அது பிள்ளைக்கு இடம்விடுகிறதா என்பதில் இருக்கிறது விஷயம். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலான உயரத்திலிருந்து பல மாவட்டங்களுக்குக் கேட்கும் கோடை பண்பலை 100.5 இந்த மலையில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட பாடங்களை ஒலிபரப்ப இதைவிடத் தோதான இடம் எது?

இணையக் கருவிகள் வானொலியைவிட ஒரு படி மேலே போக முடியும். வானொலிக்குக் காது கிடையாது, செல்போனுக்கு உண்டு. பிள்ளை சொன்னதைக் கேட்டு, எந்தச் சொல் தவறியது என்று அந்தக் கணமே காட்ட அதனால் முடியும். இது வெறும் ஊகமில்லை. ஐதராபாத்தில் 16 பிள்ளைகளுக்குக் குரலை எழுத்தாக்கும் மென்பொருளைக் கொடுத்து ஐந்து மாதம் தாமாகப் பழகவிட்டார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வு, அவர்களின் உச்சரிப்பு தெளிவாகத் திருந்தியதைப் பதிவுசெய்தது. தாங்கள் சொன்னதைக் கணினி சரியாக எழுதும்வரை பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். மனித ஆசிரியருக்கு அத்தனை பொறுமையும் நேரமும் எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டிலேயே 2022 ஜூன் மாதம் 1 முதல் 12 வரை, தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப் படிக்கவைக்கும் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் கூகுளின் ரீட் அலாங் செயலியை வைத்து வாசிப்பு மாரத்தான் நடத்தினார்கள். பிள்ளை சத்தமாக வாசிக்க, செயலி கேட்டுத் திருத்தும். பன்னிரண்டே நாளில் பிள்ளைகள் 263 கோடிச் சொற்களைப் பிழையின்றி வாசித்தார்கள் என்று அரசு அறிவித்தது. சொல்லின் எண்ணிக்கை மட்டும் கற்றலுக்குச் சான்றாகாது. ஆனாலும் வகுப்பில் ஒரு நிமிடம்கூட முறை வராத பிள்ளைக்கு இங்கே வேண்டிய மட்டும் முறை வந்தது என்பதற்கு அது சான்று. இன்னொன்றும் உண்டு. செல்போன் முன்னால் தப்பாகச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. ஆங்கிலம் பேச நினைக்கும் தமிழ்ப் பிள்ளையின் வாயை அடைப்பது இலக்கணத்தைவிட அந்தச் சிரிப்புதான்.

மலையில் சிக்னலே கிடைப்பதில்லையே, இணையக் கருவியைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மலைச்சரிவு வந்துவிட்டால் அலை எட்டாது. ஆனால் நான் சொன்ன ரீட் அலாங் போன்ற செயலிகளை ஒருமுறை இறக்கி, கதைகளையும் சேமித்துக்கொண்டால் பிறகு இணையம் இல்லாமலே வேலை செய்யும். குரலைக் கேட்டுத் திருத்துவது செல்போனுக்குள்ளேயே நடக்கிறது. திக்‌ஷா பாடங்களையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். வாரச்சந்தைக்குக் கொடைக்கானல் போகும் அன்றைக்கு இறக்கிவந்தால் ஒரு வாரத்துக்குப் போதும். வீட்டில் ஒரே செல்போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது என்றால் பள்ளியை நாடலாம். தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்பக் கணினி ஆய்வகங்கள் அனுமதிக்கப்பட்டன. கணினி வகுப்பு முடிந்ததும் அறையைப் பூட்டிவிடாமல் மாலையில் அரை மணி திறந்து வைத்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு வாய் திறக்கும்.

செல்போனைக் கையில் கொடுத்தால் பிள்ளை விளையாட்டிலும் வீடியோவிலும் மூழ்கிவிடும் என்ற பயம் இதைவிடக் கனமானது. அதை லேசாக ஒதுக்க மாட்டேன். 2024-ஆம் ஆண்டின் ஏசர் கல்விக் கணக்கெடுப்பு அறிக்கைப்படி, இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிகிறது. கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. கருவியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு உதாரணம். அங்கே கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012-ல் வெளிவந்த மதிப்பீடு, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடவில்லை என்றது.

கருவியோடு ஒரு பெரியவரும் கூட இருக்க வேண்டும் என்பதே என் வாதத்தின் உயிர்நாடி. சுகதா மித்ரா என்ற ஆய்வாளர் காளிகுப்பம் என்ற கடலோரத் தமிழ்க் கிராமத்தில் ஒரு சோதனை நடத்தி 2010-ல் வெளியிட்டார். தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளுக்கு, உயிரித்தொழில்நுட்பப் பாடங்களை ஆங்கிலத்தில் கணினியில் போட்டுக்கொடுத்து, தாமாகவே படிக்க விட்டார். சில மாதங்களில் அவர்களின் மதிப்பெண் ஏறக்குறைய 30 விழுக்காட்டை எட்டியது. பிறகு அந்தப் பாடம் தெரியாத ஒரு பெரியவரைப் பிள்ளைகளோடு கூட இருக்க வைத்தார். அவர் எதையும் கற்பிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய், எங்கே காட்டு, எனக்கும் சொல் என்று ஆசையாகக் கேட்டதோடு சரி. மதிப்பெண் 50 விழுக்காட்டுக்கு ஏறியது. சோதனை சிறியது, நடத்தியவர் இந்த முறையின் ஆதரவாளர் என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும். ஆனால் மிகப் பெரிய சான்று ஒன்று நம்மிடமே உள்ளது. தொற்றுக்காலத்துக்குப் பின் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கண்டது. மாலையில் தெருவிலோ திண்ணையிலோ பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தவர்கள் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் செல்போன் பாடக்கருவியாகிறது. இல்லையென்றால் வெறும் பொழுதுபோக்கு.

அந்தப் பெரியவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதைப் பெற்றோருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். நாங்கள் படிக்கவில்லையே, பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று தாய்மார்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். வாசித்ததைத் தமிழில் எனக்குச் சொல் என்று கேட்டாலே போதும். அப்போது பிள்ளை பொருளைப் புரிந்துதான் வாசித்ததா என்பதும் தெரிந்துவிடும்; தமிழும் உடன் வளரும். ஆங்கிலக் கருவிகள் தமிழை அரித்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கும் இதுவே என் பதில். தாய்மொழியில் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கே இன்னொரு மொழி எளிதில் வசப்படும். தமிழ் வாசிப்பு உறுதிப்படாத பிள்ளைக்கு ரீட் அலாங் செயலியில் தமிழ்க் கதைகளிலிருந்தே தொடங்குங்கள். அதில் அவசரம் கூடாது.

பேசுவதற்குப் பொருளும் வேண்டும். பெங்களூரிலும் சென்னையிலும் 1979 முதல் 1984 வரை மொழிக்கல்வி அறிஞர் என்.எஸ்.பிரபு நடத்திய திட்டத்தில் இலக்கணப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் யோசிக்கவைத்தார்கள். அந்த வழி நமக்கும் பொருந்தும். பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு எப்படிப் போவது, கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது ஏன், இன்றைக்குப் பட்டாணி என்ன விலை என்பவற்றைப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். செல்போனில் பதிவுசெய்து, தானே கேட்டு, மறுபடி சொல்லட்டும். ஒலிப்பதிவு வசதி இல்லாத செல்போன் இன்று அரிது. இதற்குச் சந்தாவும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

உங்கள் பகுதிப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டம் அடுத்த முறை கூடும்போது ஒரு கோரிக்கை வையுங்கள். கணினி ஆய்வகம் மாலையில் அரை மணி நேரம் பேச்சுப் பயிற்சிக்குத் திறந்திருக்க வேண்டும், ஊரார் இருவர் முறைவைத்து அங்கே உட்கார வேண்டும். உட்காரும் அந்த இருவரில் ஒருவராக நீங்கள் இருங்கள்.