மூடிய வீதியைத் திறக்கக் கேட்பது எப்படி?

(வலிகாமம் வடக்குக்குத் திரும்பும் குடும்பங்களுக்காகக் கண்டியில் நடந்த தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுத் திட்டம், காணி உறுதி, பிள்ளைகளின் பாடசாலை மாற்றம் பற்றியெல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். நான் வீதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காணியை விடுவித்திருப்பார்கள், ஆனால் அந்தக் காணிக்குப் போகும் பாதை மூடியே இருக்கும். உங்களில் சிலருக்கு இந்த நிலை வரலாம். அப்போது, பாதையைத் திறந்து தாருங்கள் என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். எப்படிக் கேட்பது என்பதற்கு, நீங்கள் இத்தனை வருடம் வாழ்ந்த இந்தக் கண்டி நகரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது.

தலதா மாளிகைக்கு முன்னால், ஏரியின் வடகரையோடு போகும் வீதியை உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் பஸ்ஸும் லொறியும் ஓடிய வீதி அது. 1998 ஜனவரி 25ஆம் திகதி காலை, விடுதலைப் புலிகள் வெடிமருந்து ஏற்றிய லொறியைக் கொண்டுவந்து மாளிகை வாசலில் வெடிக்கவைத்தார்கள். பொதுமக்கள் உயிரிழந்தார்கள். மாளிகையின் முகப்பும் கூரையும் சிதைந்தன. பத்து நாளில், பெப்ரவரி 4ஆம் திகதி, கண்டியில் நடக்கவிருந்த 50ஆவது சுதந்திர தின விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. மாளிகைக்கு முன்னாலான வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. போர் முடிந்து பல வருடங்கள் சென்ற பின்னும் அது மூடியே இருந்தது.

அந்த வீதியைத் திறக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் நகரம் இரண்டாகப் பிரிந்தது. திறக்கச் சொன்னவர்களுக்கு நெரிசல்தான் பெரிய துன்பம். ஏரிக்கு அப்பக்கம் சங்கராஜ மாவத்தையால் சுற்றிப் போக வேண்டும். காலையில் பாடசாலை வான்களும் அலுவலகம் போகிறவர்களும் ஒரே நேரத்தில் அங்கே சேர்ந்தால் அசைய முடியாது. நோயாளியை ஏற்றிவரும் வாகனமும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். போர் முடிந்துவிட்டது, இனி எதற்கு இந்தத் தடை என்று அவர்கள் கேட்டார்கள்.

வேண்டாம் என்றவர்களில் மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் மகாநாயக்க தேரர்கள் முன்னால் நின்றார்கள். அது வழிபாட்டுத் தலம். வாகனங்களின் புகையும் சத்தமும் அதிர்வும் அந்தப் பழைய கட்டடத்துக்கு ஆகாது. பாதுகாப்பும் முக்கியம் என்றார்கள். கண்டிப் புனித நகரம் 1988 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. ஒரு தடவை குண்டு வெடித்த வாசலில் திரும்பவும் லொறி ஓடுவதை மனம் ஏற்காத பக்தர்களும் இருந்தார்கள்.

இதில் யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. உங்கள் ஊருக்கு எடுத்துப்போக வேண்டிய மூன்று விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது: வீதியை மூட ஒரு உத்தரவு போதும். திறக்கப் பலருடைய சம்மதம் வேண்டும். ஆகவே முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லையென்று கைவிட்டுவிடாதீர்கள். கடிதத்தின் பிரதியையும் கொடுத்த திகதியையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டாவது: மறுக்கிறவரின் பயத்தைக் கேளுங்கள். தலதா மாளிகைக்கு முன்னால் நடந்ததை மறந்துவிட்டு நெரிசலை மட்டும் பேசியவர்களின் பேச்சு எடுபடவில்லை. உங்கள் ஊரிலும் இது வரும். நீங்கள் இல்லாத காலத்தில் ஒழுங்கையை அடைத்துத் தோட்டம் செய்தவர் பக்கத்து வீட்டுக்காரராகவே இருக்கலாம். முந்தித் திரும்பி வந்தவர், வேலியைத் திறந்தால் தன் காணி குறைந்துவிடும் என்று பயப்படலாம். பிரதேச சபைக்கு முறைப்பாடு கொண்டுபோக முன்னர் அவருடைய வாசலுக்குப் போய்ப் பேசுங்கள்.

மூன்றாவது: திற, மூடு என்ற இரண்டோடு விடயம் முடிவதில்லை. மாளிகை வீதியில் வாகனத்துக்குத் தடை, ஆனால் சோதனைக்குப் பிறகு நடந்து போகலாம். வசாவிளான்–பலாலி வீதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, பகல் வேளையில் மட்டும், இடையில் வாகனத்தை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. அது முழுத் திறப்பு இல்லை. ஆனாலும் முப்பது வருடத்துக்கு மேலாகப் போக முடியாமலிருந்த வீதி அது. நீங்களும் கேட்கும்போது பிரித்துக் கேளுங்கள்: பாடசாலைப் பிள்ளைகள் நடந்து போக, நோயாளர் வாகனம் எந்நேரமும் போக, கோயில் திருவிழா நாட்களில் எல்லோரும் போக. பாதி கிடைத்தால் பெற்றுக்கொள்ளுங்கள். மிச்சத்தை எப்போது பரிசீலிப்பார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

இனி, யாரிடம் போவது? முதலில் அந்த வீதி யாருடையது என்று கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். ஏ, பி வகைப் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அடுத்த நிலை வீதிகள் மாகாணத்துக்குரியவை. உள்ளூர் வீதியும் ஒழுங்கையும் பெரும்பாலும் பிரதேச சபைக்குரியவை. படையினர் மூடிய பாதையென்றால் பிரதேச செயலாளருக்கும் மாவட்டச் செயலாளருக்கும் எழுதுங்கள். தனியாக எழுதாமல், பாதிக்கப்பட்ட குடும்பங்கள் எல்லோரும் கையொப்பமிட்டு, மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் ஊடாகக் கொடுங்கள். எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடசாலை, எவ்வளவு தூரம் சுற்றிப் போகிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஏன் மூடியிருக்கிறது என்று யாரும் சொல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்றில்லை. தமிழிலேயே கேட்கலாம்.

வீதியை அகலிக்க உங்கள் காணியிலிருந்து துண்டு எடுப்பதாக அறிவித்தல் ஒட்டினால், அதைக் கிழிக்காமல் படியுங்கள். காணி எடுத்தற் சட்டப்படி ஆட்சேபம் தெரிவிக்க அதில் ஒரு திகதி இருக்கும். அந்தத் திகதிக்குள் எழுத்தில் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தடையை நீங்களே அகற்றிவிட்டு உள்ளே போகாதீர்கள். மிதிவெடி அகற்றப்பட்டது என்று அதிகாரிகள் உறுதிசெய்யாத பாதையில், சிவப்புப் பலகையோ நாடாவோ உள்ள இடத்தில், ஒரு அடிகூட வைக்க வேண்டாம். விறகுக்கும் மாட்டுக்கும் பின்னால் போகும் பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

நீங்கள் ஊருக்குப் போகும் ஏ-9 வீதி இந்தக் கண்டியில்தான் தொடங்குகிறது. அது போரில் வருடக்கணக்காக மூடியிருந்தது. 2002இல் திறந்தார்கள், 2006இல் மறுபடியும் மூடினார்கள், 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பத் திறந்தார்கள். திறந்த வீதியும் திரும்ப மூடப்படலாம் என்று அது நமக்குக் காட்டியது. பக்கத்து வீட்டாரும் சம்மதித்துத் திறந்த பாதையை மூட வந்தால், கேள்வி கேட்க ஊரே இருக்கும். அதனால் உங்கள் ஒழுங்கையின் கதையை அவர்களோடு பேசித் தொடங்குங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.