அந்தப் பொண்ணு என்ன படிக்குது?

(தலைப்பு: பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிள்ளைகளின் ஆர்வமா, வேலை வாய்ப்பா? ‘ஆர்வமே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு பட்டியல் போட்டாருங்க. எந்தப் படிப்புக்கு எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம்னு அடுக்கிக்கிட்டே வந்து, கடைசியில், “மனோதத்துவம்னு ஒண்ணு இருக்கு. அதைப் படிச்சவன் மளிகைக் கடையில பொட்டலம்தான் மடிக்கணும்” அப்படின்னார். நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா நடுவர் அவர்களே, எங்க தெரு மளிகைக் கடை அண்ணாச்சியை விடப் பெரிய மனோதத்துவ நிபுணர் யாருங்க? கடன் கேட்க வர்றவன் செருப்பைக் கழற்றும்போதே அவருக்குத் தெரிஞ்சிடும். “வாங்க சார், பழைய பாக்கியைக் கொடுக்க வந்தீங்களா?”ன்னு முந்திக்குவார். (சிரிப்பு)

நண்பருக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்றேன். என் மகள் பட்டப்படிப்பில் எடுத்தது அந்த மனோதத்துவம்தான். பி.எஸ்ஸி. சைக்காலஜி. பிளஸ் டூவில் நல்ல மார்க். வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க, “பொண்ணு என்ன படிக்கப் போகுது?”ன்னு கேட்டாங்க. சொன்னோம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு அத்தை மெதுவா என் மனைவி காதுகிட்ட போய், “ஏன், மார்க் குறைஞ்சிருச்சா?”ன்னாங்க. (சிரிப்பு) என் மாமியார் இன்னும் ஒரு படி மேலே. “பைத்தியங்களோட பழகினா நமக்கும் ஒட்டிக்காதா?”ன்னு கேட்டாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? “பி.காம். சேர்ந்துடும்மா”ன்னேன். “தமிழ் படிச்சா சோறு கிடைக்குமா”ன்னு ஊரே கேட்டபோது, அடம்பிடித்துத் தமிழ் படித்தவன் நான். அந்த நானே என் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டேன். இந்த அணியில் பேச எனக்கு என்ன தகுதின்னு நீங்க கேட்கலாம். பிறகு திருந்தியவன் என்கிற தகுதிதான்.

அவள் சேர்ந்தாள். சேர்ந்த முதல் மாசமே வீட்டுக்கு வர்றவங்க எல்லாம், “நான் இப்ப மனசுல என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்”னு ஆரம்பிச்சிட்டாங்க. அவள் சிரிச்சுக்கிட்டே, “அதுக்கு ஜோசியரைப் பாருங்க மாமா, எங்க சிலபஸ்ல இல்லை”ன்னு சொல்லிடுவா.

அப்போ சிலபஸ்ல என்னதான் இருக்கு? நானும் ஏதோ கதை கேட்கிற படிப்புன்னுதான் நினைச்சேன். புத்தகத்தைப் புரட்டினா மூளை, நரம்பு, குழந்தை வளர்கிற விதம், கூட்டத்தில் மனுஷன் மாறுகிற விதம், நடுவிலே முழுசா ஒரு தாள் புள்ளியியல்! ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் வில்ஹெல்ம் வூண்ட் என்பவர் 1879-இல் மனோதத்துவத்துக்கென்று ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கினார். மனசைப் பற்றித் தத்துவம் பேசிக்கொண்டிருந்த காலம் போய், அளந்து பார்க்கிற காலம் வந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-லேயே இதற்குத் தனித்துறை வந்தாச்சு. எபிங்ஹாஸ் என்று ஒருவர். அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்து போகுதுன்னு தன்னையே சோதித்து, 1885-இல் புத்தகமாகவே போட்டார். நம்ம பிள்ளைகளும் அர்த்தம் தெரியாமத்தான் மனப்பாடம் பண்றாங்க, யாரும் புத்தகம் போடறதில்லை. (கைதட்டல்)

ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு ஆள் வேணும்னு ஒரு நாள் என்னைக் காலேஜுக்கு அழைச்சுக்கிட்டுப் போனாள். ஒரு பலகை. அதில் இரண்டு கோடுகள். ஒரு கோட்டின் இரண்டு முனையிலும் அம்பு உள்பக்கமா மடங்கியிருக்கு. இன்னொன்றில் வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கு. ஒரு கோட்டை இழுக்கலாம், தள்ளலாம். “இரண்டும் ஒரே அளவா தெரியும்போது நிறுத்துங்கப்பா”ன்னா. நிறுத்தினேன். பின்பக்கம் இருக்கிற அளவுகோலைக் காட்டினாள். தப்பு. மறுபடியும் செய்தேன். மறுபடியும் தப்பு. முல்லர்-லையர் மாயத் தோற்றம்னு அதுக்குப் பேராம். நான் விடலீங்க. ஸ்கேலை வாங்கி நானே அளந்து இரண்டையும் சமமாக்கினேன். சமம்னு எனக்குத் தெரியும். ஆனாலும் விரிஞ்சிருக்கிற கோடுதான் நீளமா தெரியுது! “அளந்தாச்சேம்மா, அப்பவும் கண் கேட்க மாட்டேங்குதே?”ன்னேன்.

அவள் நோட்டில் எழுதிக்கொண்டே, “பெரியப்பா விஷயத்திலும் நமக்கு அப்படித்தானேப்பா”ன்னாள்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலீங்க.

எனக்கு நாலு வயசு மூத்த அண்ணன் ஒருத்தர் இருக்கார். 1989-இல், அவருடைய 23-ஆம் வயதில், வேலைக்குப் போவதை நிறுத்தினார். யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பார். ராத்திரியெல்லாம் விழித்திருப்பார். சில நேரம் சுவரைப் பார்த்து அழுவார். தாயத்துக் கட்டினோம். வேப்பிலை அடித்தோம். கல்யாணம் பண்ணினா சரியாயிடும்னு பெண் பார்க்கக்கூடக் கிளம்பினோம். நல்லவேளை, அது நடக்கலை. ஒன்றும் பலிக்கலைன்னு ஆனதும் நாங்கள் கண்டுபிடித்த காரணம், “அவனுக்குத் திமிரு.” ஊர் வீட்டில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில், முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். விடுமுறைக்குப் போகும்போது சாப்பாட்டுத் தட்டு கொண்டு போவது என் மகள் வேலை. பத்து வயதில், “பெரியப்பா ஏன் தனியா சாப்பிடறார்?”ன்னு கேட்டாள். “திமிரு”ன்னு நான்தான் பதில் சொன்னேன்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி. மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணம். அழுகைக்குச் சொல்லும்போது, பிறர் இழிவாக நடத்துவது, வேண்டியதை இழப்பது, இருந்த நிலை கெட்டுப்போவது, வறுமை என்று வகுக்கிறார் ஆசிரியர். இருபத்தைந்து வருஷமா இதை வகுப்பில் நடத்துகிறேன், நடுவர் அவர்களே. சொந்த அண்ணன் சுவரைப் பார்த்து அழுதபோது, எதற்கு அழறேன்னு ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

மூன்றாம் வருஷம் பிறழ்நிலை உளவியல் என்று ஒரு தாள். அதில் மனச்சிதைவு நோயைப் பற்றிப் படித்துவிட்டு மகள் ஊருக்கு வந்தாள். “பெரியப்பாவுக்கு அதுதானா?”ன்னு கேட்டேன். “எனக்குத் தெரியாதுப்பா”ன்னாள். “மூணு வருஷம் பீஸ் கட்டியிருக்கேன், தெரியாதுங்கிறியே?” (சிரிப்பு) “பாதிப் படிப்பை வெச்சுக்கிட்டு வீட்டுல யாருக்கும் நோய்ப் பேர் வைக்கக் கூடாதுன்னுதான் எங்க மேடம் முதல்ல சொல்லிக் கொடுத்தாங்க. பேர் வைக்க டாக்டர் இருக்கார். நாம அழைச்சுக்கிட்டுப் போகலாம்.”

இதை நான் அழுத்திச் சொல்லணும். எதிரணி நண்பர் சொன்னதில் பாதி உண்மை. மூணு வருஷப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வாசலில் போர்டு மாட்ட முடியாது. மாட்டவும் கூடாது. மனநல மருத்துவர் ஆகணும்னா எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு. மருத்துவ உளவியலாளர்னு பேர் போட்டுக்கொள்ள மருத்துவமனைப் பயிற்சியோடு தனிப் படிப்பும், இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவும் வேணும். மகளோடு படித்தவர்களில் சிலர் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவுக்குப் போனாங்க, சிலர் சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளிக்கு, ஒரு பையன் வங்கித் தேர்வு எழுதினான். இவள் இப்போ முதுகலை. சம்பாத்தியம் இன்னும் வரலை. ஒத்துக்கறேன்.

ஆனா அந்தத் “தெரியாது” இருக்கே! அதுக்கு முன்னால் எங்க குடும்பத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்தது. செய்வினைன்னு ஒருத்தருக்குத் தெரியும், கிரகம்னு இன்னொருத்தருக்குத் தெரியும், திமிருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சவங்க நடுவிலேதான் அந்த மனுஷன் முப்பது வருஷம் கொட்டகை ஓரத்தில் கிடந்தார். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 மனநோயாளிகள் மாண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியலை. பேப்பரில் படித்து நான் கண்ணீர் விட்டேன். எங்க வீட்டு அறைக்கு வெளியிலும் ஒரு தாழ்ப்பாள் இருப்பது அன்றைக்குக்கூட எனக்குத் தோணலைங்க.

மகள் முதலில் ஒரு நாள் முழுக்க அண்ணன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்கலை, புத்தி சொல்லலை. சாயங்காலம் அவரே, “நீ என்ன படிக்கிறே?”ன்னார். சொன்னாள். “எனக்குத் தூக்கம் வரலை பாப்பா”ன்னார். முப்பது வருஷத்தில் அவர் வைத்த முதல் கோரிக்கை. மறுவாரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனோம். டாக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

பழையபடி ஆகிட்டார்னு சொல்ல மாட்டேன். இழந்த வருஷம் இழந்ததுதான். குரல் இன்னும் சில நாள் கேட்குதாம். கேட்டா, “இன்னைக்கு வந்திருக்காங்கப்பா”ன்னு எங்ககிட்டயே சொல்லிடறார். மாத்திரை சாப்பிடறார், தூங்கறார். இப்போ எங்க கூடவே இருக்கார். எங்களோட பந்தியில் உட்கார்ந்து, குழம்பில் உப்பு இல்லைன்னு குறை சொல்றார். என் மனைவிக்கு அதில் வருத்தம், எனக்கு அதில் சந்தோஷம். (சிரிப்பு, கைதட்டல்)

எந்தக் கம்பெனி இதற்குச் சம்பளம் போடும்னு எதிரணி நண்பர் பட்டியலில் தேடிச் சொல்லட்டும், நடுவர் அவர்களே. “ஏன் தனியா சாப்பிடறார்”னு பத்து வயதில் கேட்டாளே, அந்தக் கேள்விதான் அவளுடைய ஆர்வம். அதைப் பி.காம். என்று மாற்றி எழுதத்தான் நான் பார்த்தேன்.

இந்த மேடைக்குக் கிளம்பும்போது அண்ணனிடம், “உங்களைப் பத்திப் பேசலாமா?”ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “பேசு. பேரை மட்டும் சொல்லாதே”ன்னார்.

சொல்லலை அண்ணே.