எண்ணும் செவியும்



‘பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிக்கச் சிறந்தது பழைய முறையா, புதிய முறையா?’ என்னும் பொருளில் உரையாற்றப் பணித்திருக்கிறீர்கள். பட்டிமன்றமாயின் ஒரு கட்சியில் அமர்ந்து மறு கட்சியைச் சாடிவிட்டு இறங்கிவிடலாம். தனியுரையில் அந்த வசதி இல்லை. கணக்காசிரியர் நிற்க வேண்டிய இடத்தில் தமிழாசிரியைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுப் பெயர்கள் ஒன்றோடொன்று புணரும் முறைக்குத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் நூற்பாக்கள் பல வகுத்திருக்கிறார். அந்த உரிமையில்தான் நிற்கிறேன்.

பழைய முறை என்று நாம் எதைச் சொல்கிறோம்? திண்ணைப் பள்ளியின் எண்சுவடியைத்தான் சொல்ல வேண்டும். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று பிள்ளைகள் உரக்க ஓதினார்கள். ஓதியது பொருளற்ற ஒலி அன்று. 320இல் ஒரு பங்கு முந்திரி. முந்திரி இரண்டு சேர்ந்தால் அரைக்காணி; அரைக்காணி இரண்டு காணி; காணி இரண்டு அரைமா; அரைமா இரண்டு ஒரு மா; மா ஐந்து கால். அரைக்காணி என்னும் பெயரே தான் காணியில் பாதி என்று சொல்லிவிடுகிறது. நெல்லிலக்கம் படியையும் மரக்காலையும் கலத்தையும் தொட்டது. குழிமாற்று நிலத்தை அளந்தது. மனப்பாடம் செய்த பிள்ளை மறுநாள் களத்துமேட்டில் அதற்குப் பயன் கண்டான்.

‘கண்டான்’ என்று ஆண்பாலில் சொன்னேன்; வேண்டுமென்றேதான் சொன்னேன். பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை. இடம் பெற்றவர்களுக்கோ பிரம்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தன. திண்ணைப் பள்ளியின் பெருமையைப் பாடும் கவிஞர்கள் கோதண்டத்துக்கும் ஓரடி ஒதுக்கினால் நல்லது. அந்தத் திண்ணையில் நல்லதும் இல்லாமல் இல்லை. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித் தருவதையும், மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும் கண்டு, சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளியில் அம்முறையைக் கையாண்ட ஆண்ட்ரூ பெல் 1797இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்து அதனைக் கொண்டாடியது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை அது!

1957இல் நயா பைசா வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் அளவைகளும் வந்தன. மாவும் காணியும் புழங்கிய களம் போயிற்று. எண்சுவடியும் ஓய்ந்தது.

புதிய முறைக்கு வருவோம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் பரவியது. அட்டைகள், ஏணிப்படி, பிள்ளையின் கைக்கு எட்டும் தாழ்ந்த கரும்பலகை என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. 2022 ஜூன் 13 அன்று ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயரிட்டவர் கவிதை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். பிள்ளை புளியங்கொட்டையைக் கையில் வைத்துக் கூட்டுகிறாள். அச்சமின்றிக் கேள்வி கேட்கிறாள். இது சிறிய பேறு அன்று.

ஆனால் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் மாறுபணி முடித்து வீடு திரும்பும் தாய் தன் பிள்ளையிடம் கேட்பது ஒன்றே: ‘வாய்ப்பாடு சொல்லு.’ சொல்லத் தெரியாவிடில், பள்ளியில் விளையாட்டுத்தான் நடக்கிறது என்று முடிவுகட்டுகிறாள். ஊதியத்தில் கணிசமான பங்கைக் கொடுத்து ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றுகிறாள். அங்கே பிள்ளை ‘டூ டூஸ் ஆர் ஃபோர்’ என்று ஓதுகிறது. தாய் மகிழ்கிறாள். இதனைத்தான் பலர் பழைய முறை, உறுதியான முறை என்கிறார்கள். எண்சுவடியில் இருந்த பொருளும் இதில் இல்லை; புதிய முறையில் இருக்கும் புளியங்கொட்டையும் இதில் இல்லை.

இந்த இடத்தில்தான் மொழி வழக்கின் நடுவே வந்து நிற்கிறது. பதினொன்று என்ற சொல்லுக்குள் பத்தும் ஒன்றும் கேட்கின்றன. முப்பத்தேழு என்றால் மூன்று பத்தும் ஏழும் என்பதைச் செவியே பிரித்துவிடும். ‘இலெவன்’, ‘டுவெல்வ்’ என்னும் சொற்களில் குழந்தைக்கு எந்தப் பத்தும் கேட்பதில்லை. சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய மொழிகளின் எண்ணுப் பெயர்கள் பத்தை வெளிப்படையாகக் காட்டுவது, அம்மொழிக் குழந்தைகள் இடமதிப்பைப் பற்றிக்கொள்ளத் துணையாகிறதா என்று ஆய்வாளர் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். மொழி ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கைக்கெட்டிய துணையைக் காசு கொடுத்துத் தொலைப்பானேன் என்பதே என் கேள்வி.

தமிழிலும் ஒரு கரடுமுரடு உண்டு. எழுபது, எண்பது என்று வந்த பிள்ளை அடுத்து ‘ஒன்பதுபது’ என்றால் நாம் சிரிக்கிறோம். பிள்ளை சொன்னதில் ஒழுங்கு இருக்கிறது. தொண்ணூறுதான் ஒழுங்கு மீறிய சொல். ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியரும் நன்னூலாரும் தனி விதி சொல்ல வேண்டியிருந்தது. இலக்கண ஆசிரியரையே நின்று யோசிக்க வைத்த இடத்தில் ஆறு வயதுக் குழந்தை தடுமாறினால் அதன் தலையில் குட்டுவது நியாயமா?

ஆகவே, ஓதுதலை வகுப்பறைக்கு மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. புளியங்கொட்டையை எடுத்துவிட்டு அன்று, அது கையில் இருக்கும்போதே. கையில் எண்ணியதை வாய் சொல்ல வேண்டும். சொன்னது செவியில் தங்க வேண்டும். அந்தத் தாய்க்கும் வாய்ப்பாடு கிடைக்கும். கணக்கதிகாரம் செய்யுளில் கணக்குச் சொன்ன நூல். ‘முக்காலே மூன்று வீசம்’ என்று இன்றும் பேசுகிறோம். 16இல் 15 பங்கு என்று அறிந்து பேசுவோர் சிலரே.

கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம். ஏழாம் வாய்ப்பாட்டில்தான் பிள்ளைகள் மிகுதியாக இடறுகிறார்கள். அதற்கு ஒரு பாட்டு வேண்டும். எதுகைக்காக எண்ணை வளைக்கலாகாது. ஏழேழு நாற்பத்தொன்பதை மறவாத பிள்ளை, அதனோடு ஓர் ஏழு கூட்டி ஏழெட்டைத் தானே கண்டுகொள்ளும்படி அடிகள் அமைய வேண்டும். ஏழெட்டில் மட்டும் எச்சரிக்கை: ‘ஏழெட்டுப் பேர் வந்தார்கள்’ என்றால் 56 பேர் என்று நம்மில் யாரும் கொள்வதில்லை! வெண்பாவோ கும்மியோ, உங்கள் விருப்பம். அடுத்த கூட்டத்துக்கு எழுதி வாருங்கள். நம் ஆரணிப் பள்ளிப் பிள்ளைகளிடம் பாடிக் காட்டுவோம். அவர்கள் திருப்பிப் பாடினால் வைத்துக்கொள்வோம், பாடாவிட்டால் வேறு எழுதுவோம்.