பெட்ரோல் முள் சொல்லும் பொய்

மோட்டார் வண்டியின் முன்பலகையில் உள்ள முட்களுள் மிகுதியாக நம்பப்படுவதும், மிகக் குறைவாகச் சோதிக்கப்படுவதும் எரிபொருளின் அளவைக் காட்டும் முள்ளேயாகும். வேகமுள் சிறிது பிழைபட்டால் சாலையில் செல்லும் பிற வண்டிகளைக் கொண்டு ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். டாங்கிக்குள் இருப்பதை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. முள் கால் பங்கு என்றால் கால் பங்கு, அவ்வளவே.

சென்ற ஆண்டு ஆடி மாதத்து இரவொன்றில் நாமும் அவ்வாறே நம்பினோம். நாகர்கோவிலில் இருந்த அன்னையாருக்கு மூச்சுத் திணறல். திருவனந்தபுரத்திற்கு உடனே கொண்டு செல்லும்படி மருத்துவர் கூறிவிட்டார். வழி 70 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மார்த்தாண்டத்தைத் தாண்டும்போது முள் கால் பங்கில் நின்றது. களியக்காவிளையில் பெட்ரோல் நிலையத்தின் விளக்கைக் கண்டோம், நிற்கவில்லை. "பெட்ரோல் போட்டியா மக்ளே?" என்று அந்த நிலையிலும் அன்னையார் கேட்டார். "இருக்கம்மா" என்றோம். நெய்யாற்றின்கரையைக் கடந்து, பாலராமபுரம் வருமுன் வண்டி இருமுறை இருமிற்று; பின்னர் ஓசையின்றி ஓரத்தில் உருண்டு நின்றது. அப்பொழுதும் முள் கால் பங்கிலேயே இருந்தது!

ஓர் ஆட்டோ கிடைப்பதற்கு 25 நிமிடங்கள் ஆயின. அன்னையார் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த 25 நிமிடங்களை நாம் மறக்கவில்லை; அவற்றுக்குக் காரணமான முள்ளை ஆராயாமல் விடுவதில்லை என்று உறுதி கொண்டோம்.

நாம் கலைப்பட்டம் பெற்றவர். அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை. ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல்லாக இருப்பதை 'எரிபொருள் அளவுகாட்டி' என்று நீட்டி எழுதியிருக்கிறோம். மலையாளத்தில் எரிபொருளை 'இந்தனம்' என்கிறார்கள். பெயர் தெரிந்ததே ஒழிய, பெயருக்குரிய பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பது தெரியாது. அதனைக் கற்பித்தவர் கரமனைப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவர். அவரை யாவரும் 'ஆசான்' என்றே அழைக்கிறார்கள். வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "சூசி கள்ளம் பறையுன்னு, சாரே" என்றார். முள் பொய் சொல்கிறது என்பது அதன் பொருள். உண்மையில், முள் பொய் சொல்லவில்லை என்பதைச் சற்று நேரத்தில் அவரே மெய்ப்பித்தார்.

இக்கருவி இரண்டு உறுப்புகளைக் கொண்டது. ஒன்று டாங்கிக்குள் இருக்கிறது. மற்றொன்று நம் கண்முன் இருக்கிறது. டாங்கிக்குள் ஒரு மிதவை. பித்தளையாலோ பிளாஸ்டிக்காலோ செய்யப்பட்ட அம்மிதவை மெல்லிய கம்பியின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். பெட்ரோல் உயர்ந்தால் மிதவை உயரும், தாழ்ந்தால் தாழும். கம்பியின் மறுமுனை, மின்தடைச் சுருளொன்றின் மீது உரசிக்கொண்டு நகரும். உரசும் இடம் மாறும்போது மின்தடையின் அளவு மாறுகிறது. ஒரு வகைக் கருவியில் டாங்கி காலியானபோது 240 ஓம், நிரம்பியபோது 33 ஓம் என்ற அளவில் இது அமைந்திருக்கும். வேறு வகைகளில் வேறு எண்கள். தடைக்கு ஏற்ப மின்னோட்டம் கூடியும் குறைந்தும் முன்பலகைக்குச் செல்ல, அங்குள்ள முள் நகர்கிறது. ஆகவே முள் டாங்கியைப் பார்ப்பதே இல்லை. மின்னோட்டம் சொன்னதைத் திரும்பச் சொல்லும் மொழிபெயர்ப்பாளனே அது. மூலத்தில் பிழையிருந்தால் மொழிபெயர்ப்பாளன் என் செய்வான்? இந்தக் கேள்வியில் நமக்குச் சற்றுத் தன்னலமும் உண்டு.

பிழை எந்த உறுப்பில் என்று அறிய ஆசான் செய்த சோதனை மிக எளியது. டாங்கியிலுள்ள கருவியிலிருந்து ஒரே ஒரு கம்பியைக் கழற்றினார்; சாவியைத் திருப்பச் சொன்னார். கால் பங்கில் நின்ற முள் காலிக்கு இறங்கிற்று. அதே கம்பியை வண்டியின் இரும்பு உடலில் ஒரு கணம் தொட்டார். முள் மெல்ல ஏறி நிறைவுக்குறியை நோக்கிச் சென்றது. உடனே எடுத்துவிட்டார், நெடுநேரம் தொட்டுக்கொண்டிருந்தால் சில வகை முட்கள் கெட்டுவிடும். சில வண்டிகளில் இவ்விரு அசைவுகளும் தலைகீழாக நிகழும். எவ்வாறாயினும், முள் இரு எல்லைக்கும் போய் வந்தால் முள்ளும் கம்பியும் குற்றமற்றவை. குற்றம் டாங்கியில் உள்ளது. முள் அசையவே இல்லையாயின் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது முள்ளே பழுதாயிருக்கலாம். பழைய வண்டிகளில் எரிபொருள் முள்ளும் வெப்பமுள்ளும் ஒருசேரப் பிழைபட்டால், அவ்விரண்டுக்கும் பொதுவாக மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிறு பெட்டியைப் பார்க்க வேண்டும். அதனை அறியாமல் முள்ளை மாற்றிப் பணத்தை வீணாக்குபவர் பலர்.

இன்னொன்றையும் ஆசான் விடவில்லை. டாங்கியின் கருவிக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே உள்ள இணைப்பை உப்புத்தாளால் தேய்த்தார். சங்குமுகத்துக் கடற்காற்றும் இவ்வூரின் இரு பருவமழையும் சேர்ந்து இந்த இணைப்பில் துருவையும் பச்சைக் களிம்பையும் படியச் செய்கின்றன. களிம்பும் ஒரு மின்தடையே. அது சேரச்சேர முள் இருப்பதைக் குறைத்துக் காட்டும். நம் வண்டியோ கூட்டிக் காட்டிற்று. எனவே டாங்கியைத் திறந்தே தீர வேண்டியிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்ரோலைவிடப் பெட்ரோலின் ஆவி கொடியது. ஆசான் முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றினார்; வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளச் சொன்னார்; அருகில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவரைத் துரத்தினார். ஓட்டை மிதவைக்குப் பற்றுவைக்க நெருப்பைக் காட்டி உயிரிழந்தவர்களைப் பற்றி அவர் கூறியதை இங்கே விவரிக்கவில்லை. வீட்டில் செய்து பார்க்கலாம் என்று எண்ணும் நேயர்கள் கம்பிச் சோதனையோடு நிறுத்திக்கொள்வது நலம்.

கருவி வெளியே வந்தது. மிதவையைக் காதருகில் குலுக்கினார். உள்ளே பெட்ரோல் புகுந்த ஓசை இல்லை. கம்பியின் கீலைத் தொட்டதும் முகம் மலர்ந்தார். கீலில் துரு. மேலிருந்து இறங்கும் கம்பி கால் பங்கு அளவில் வந்ததும் சிக்கிக்கொண்டது. அதற்குக் கீழே பெட்ரோல் தாழ்ந்தாலும் மிதவை அந்தரத்தில் தொங்கிற்று. நம் மாமனார் மறைந்தபின் அவருடைய வண்டி எட்டு மாதம் ஓடாமல் நின்றிருந்தது. நிற்கும் வண்டியின் டாங்கியில் ஈரம் கூடித் துருவேறும் என்று ஆசான் சொன்னபோது, துணைவியார் பேசாமல் வேறுபக்கம் பார்த்துக்கொண்டார்.

எரிபொருளே இக்கருவியைக் கெடுப்பதும் உண்டு. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென்பகுதியில் விற்ற பெட்ரோலில் கந்தகச் சேர்மங்கள் மிகுந்து, கருவியின் வெள்ளித் தொடுமுனைகளை அரித்து, ஏராளமான வண்டிகளில் முட்கள் பிழைபட்டன.

கீலைத் தேய்த்து எண்ணெயிட்டபின், ஆசான் மிதவைக் கம்பியைச் சிறிதே மேல்நோக்கி வளைத்தார். அவ்வாறு வளைத்தால், அதே அளவு பெட்ரோலுக்கு முள் குறைத்துக் காட்டும். "ஐந்து லிட்டர் கிடக்கும்போழே காலி என்று சொல்லட்டும்" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். சரியாகக் காட்டும் கருவி வேண்டும் என்று நாம் வாதாடினோம். அவர் சிரித்தாரேயன்றி இசையவில்லை. இப்பொழுது சிந்தித்தால் அவர் பக்கமே நியாயம் இருக்கிறது. டாங்கிக்குள் மின்பம்பு அமைந்த புதிய வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். பெட்ரோலே அப்பம்பைக் குளிர்விப்பதால், அடிமட்டம் வரை ஓட்டினால் பம்பு சூடேறிக் கெடுகிறது.

அளவிடுவதில் நேரும் பிழை பெரிய இயந்திரங்களையும் விட்டதில்லை. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்தின் அளவுகாட்டி வேலை செய்யவில்லை. கோல் விட்டு அளந்தார்கள். லிட்டரை எடையாக மாற்றும்போது 0.8 என்ற கிலோகிராம் எண்ணுக்குப் பதிலாக 1.77 என்ற பவுண்டு எண்ணால் பெருக்கிவிட்டார்கள். தேவையான 22,300 கிலோகிராமில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. 41,000 அடி உயரத்தில் இயந்திரங்கள் ஓய்ந்தன. விமானி அதனைப் பறவைபோல் மிதக்கவிட்டு கிம்லி என்னும் இடத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தனர். இது இயந்திரப் பிழையோடு மொழிபெயர்ப்புப் பிழையும் சேர்ந்தது என்பதே நம் கருத்து.

நம் ஊரிலும் 2015 ஆகஸ்டு 18 அன்று தோகாவிலிருந்து கொச்சிக்கு வந்த விமானம், மூடுபனியால் அங்கே மும்முறை இறங்க முயன்று முடியாமல் திருவனந்தபுரத்திற்குத் திரும்பிற்று. இங்கும் கண்ணுக்குத் தரை தென்படவில்லை. ஒருவாறு இறங்கியபோது எஞ்சியிருந்தது 349 கிலோகிராம் எரிபொருளே. அங்கே முட்கள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த உண்மையைப் பார்த்தவண்ணம் அமர்ந்திருப்பது எத்தகையதென்று பாலராமபுரத்துச் சாலையோரத்தில் நின்ற நமக்கு ஓரளவு விளங்குகிறது.

முள் சீரானபின் அதனைச் சோதிக்க ஒரு விடியற்காலையில், கூட்டமில்லாத நேரத்தில், பெட்ரோல் நிலையத்திற்குச் சென்றோம். நிலையத்தின் அளவையே முதலில் பார்க்க வேண்டுமல்லவா? அங்கு வைத்திருக்கும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக்கலத்தில் ஊற்றிக் காட்டுமாறு கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஊழியர் முகம் சுளிக்காமல் காட்டினார். பிறகு ஐந்தைந்து லிட்டராக ஊற்றச் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுத்து முள் நின்ற இடத்தைத் தாளில் குறித்தோம். முள் சீராக ஏறவில்லை. டாங்கி நேரான பெட்டி வடிவில் இல்லாமையால், சில ஐந்து லிட்டர்களுக்கு மிகுதியாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் நகர்ந்தது. மிதவை மேல்தகட்டைத் தொட்டபின் ஊற்றியது முள்ளுக்குத் தெரியவே இல்லை. 'நிறைவு' என்ற குறி நெடுநேரம் அசையாமல் நிற்பதும், பாதிக்குக் கீழே முள் விரைந்து விழுவதாகத் தோன்றுவதும் இதனாலேதான். பொன்முடி ஏற்றத்தின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் முள் ஏறியும் இறங்கியும் காட்டுவது தனிக்கதை. சமதரையில் நின்று பார்த்ததையே கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்தத் தாள் இப்பொழுது வண்டியின் கண்ணாடிக்கு மேலுள்ள வெயில்தட்டியில் செருகப்பட்டிருக்கிறது. சென்ற மாதம் அன்னையாரை மருத்துவரிடம் மறுபடி காட்டிவிட்டு நாகர்கோவிலில் கொண்டுவிடப் புறப்பட்டோம். வண்டியில் ஏறியதும் அவர் முள்ளைப் பார்க்கவில்லை. தட்டியைத் தாழ்த்தித் தாளை எடுத்து, கண்ணாடி அணிந்து, படித்துவிட்டு, "நேமத்துலயே போட்டுட்டுப் போவோம்" என்றார். போட்டுக்கொண்டே போனோம்.